ஐநூறு மணி நேர எண்ணெய்

— நீங்க கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்களேன் அண்ணி. நாற்காலியைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்குங்க. மீட்டரை நான் பார்த்துக்கறேன்.

— எனக்குத் தூக்கம் வரல. நீதான் காலையில ஆறு மணியிலேர்ந்து நிக்கற. உள்ளே போய் முகம் கழுவிட்டு வா. நிதானமா வா, ஒண்ணும் அவசரமில்ல.

— என் முகம் நல்லாத்தான் இருக்கு.

— சோப்பு போட்டுக் கழுவுன்னு சொல்றேன்.

— இருபத்தோரு நாளா இந்த இன்ஜினோட குடும்பம் நடத்தறேன். ஒரு நாளாவது என் முகத்தைப் பத்திக் கேட்டிருக்கீங்களா? இன்னிக்கு என்ன திடீர்க் கரிசனம்?

— உனக்கு மட்டும் என்ன கரிசனமாம்? நீ எட்டாவது படிக்கறப்ப இந்த வீட்டுக்கு வந்தவ நான். குடிக்கத் தண்ணி கேட்டா "நீங்களே எடுத்துக்குங்க அண்ணி"ம்ப. இன்னிக்கு நாற்காலி திருப்பிப் போட்டுத் தூங்க வைக்கற.

— பாசம் அண்ணி, பாசம். சத்தியமா.

— வழியுது, துடைச்சுக்கோ.

— சரி, எத்தனை ஆச்சு?

— நானூத்தித் தொண்ணூத்தேழரை. இன்னும் ரெண்டரை மணி நேரம்.

— யோசிச்சுப் பாருங்க, பகல் எனக்கு, ராத்திரி உங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல இந்த ரூம்ல இருக்கறது இதான் மொதல் தடவை. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க உள்ளே வருவீங்க, நான் வெளியே போவேன். நடுவுல ஒரு "என்னடா", ஒரு "ஒண்ணுமில்ல அண்ணி". அவ்ளோதான்.

— சோதனைக்கு வந்த அந்த இன்ஸ்பெக்டர் புண்ணியம். கடைசி ஆறு மணி நேரம் ரெண்டு பேரும் உள்ளேயே இருக்கணுமாம். அவர் கையாலயே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, அவர் கையாலயே வால்வை டீசல்லேர்ந்து எண்ணெய்ப் பக்கம் திருப்பி, கதவுக்கு சீல் வச்சு, செல்போனையும் பிடுங்கிட்டுப் போயிட்டார்.

— சந்தேகப் பிராணி.

— அவரைச் சொல்லிக் குத்தமில்ல. டீசலுக்குப் பதிலா உங்க அண்ணன் காய்ச்சின இந்த எண்ணெய் ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயிலானது. மொத தடவை ரெண்டு மணி நேரத்துல ஃபில்டர் அடைச்சுது. ரெண்டாவது தடவை மூணரை மணி நேரத்துல நாசில் பூரா கரி. மூணாவது தடவை ஒரு தும்மல்கூடப் போடாம நானூத்தித் தொண்ணூறு தாண்டுதுன்னா எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

— வரும் வரும். ஏன் அண்ணி, இது என்ன வாசனை?

— எது?

— சட்டியில எண்ணெய் புகையற மாதிரி.

— செடியில வெளஞ்ச எண்ணெய் எரிஞ்சா அந்த வாசனைதான் வரும். இருபத்தோரு நாளா இங்கயே கெடக்கற, உனக்குத் தெரியாதா?

— தெரியாம என்ன. இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு கேட்டேன்.

— ஆமா. எனக்கும் இன்னிக்குத்தான்... தூக்கலாத் தெரியுது.

— மேடம்! மெக்கானிக் சார்! உள்ளே உசுரோட இருக்கீங்களா?

— ஏன் இப்படிக் கத்தறீங்க வாட்ச்மேன்? கதவுதான் பூட்டியிருக்கு, காது தெறந்துதான் இருக்கு.

— இன்ஜின் போடற சத்தத்துல கேக்காதேன்னு பார்த்தேன் மேடம். சொல்றேன் கேளுங்க. கரண்ட் இன்னிக்கு வராதாம். டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு கட்டையாப் போச்சாம். நாளைக்குத்தான் ஆள் வருமாம்.

— எங்களுக்கென்ன? எங்க பல்பு வரிசையை இன்ஜின்தானே எரிக்குது.

— உங்களுக்கு இல்ல சார், ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன். காலையிலேர்ந்து அங்க ஜெனரேட்டர்தான். நம்ம ஸ்டோர்லேர்ந்து ரெண்டு பீப்பா போயிருக்கே, தெரியாதா?

— ரெண்டு பீப்பா என்ன?

— ஐயாவோட எண்ணெய்தான் மேடம்! உங்க வீட்டுக்காரர் எண்ணெய்! பதினோரு மணிக்கு வேன் வந்துச்சு. நான்தான் கூடவே போய் எறக்கி வச்சுட்டு வந்தேன். அங்க டீசல் தீரப் போகுதுன்னு பெரிய டாக்டர் நம்ம டைரக்டருக்கு ஃபோன் போட்டாராம். "ஐநூறு மணி நேரம் ஓடின எண்ணெய், தாராளமா எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டாரு.

— ஐநூறு இன்னும் முடியலையே!

— நானூத்தித் தொண்ணூத்து மூணு ஓடினது மிச்சம் ஏழு ஓடாதான்னு கேட்டாராம். நியாயம்தானே சார்?

— ரெண்டும் முழுப் பீப்பாவா?

— தளும்பத் தளும்ப! ஸ்டோர்காரரே வாயைப் பொளந்துட்டாரு. "இருபத்தோரு நாளா இன்ஜின் குடிக்குது, மூணு பீப்பாவும் வந்து எறங்கின மாதிரியே நிக்குது, இது எண்ணெயா அட்சய பாத்திரமா?"ன்னாரு. அடேங்கப்பா, என்னா மைலேஜ்!

— சரி, நீங்க போய் உங்க ஸ்டூல்ல உக்காருங்க.

— உக்காந்துதான் மேடம் இருக்கேன். கதவை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு.

— ஏன்டா, உனக்கு ஏன் வேர்க்குது?

— ரூம் சூடு அண்ணி. மூணு பீப்பாவும் அப்படியே இருக்குன்னு சொல்றான்?

— அவன் கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும். விடு.

— ஆமா, விடுங்க. அந்த ஆஸ்பத்திரியில அண்ணனை இப்ப எந்த மாடியில போட்டிருக்காங்க?

— ரெண்டாவது. மூக்குல குழாய், கட்டில் பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட்ல ஓடற மெஷின்.

— நல்லதுதானே அண்ணி. அண்ணன் எண்ணெய்லயே அண்ணன் மெஷின் ஓடுது. இதைவிட என்ன வேணும் அவனுக்கு?

— நல்லதுதான்.

— அப்புறம் ஏன் இழுக்கறீங்க?

— இழுக்கல. நேத்து சாயங்காலம் இங்க வர்ற வழியில அவரைப் பார்த்துட்டு வந்தேன். "எத்தனை மணி?"ன்னார். நாலரைன்னேன். "கடிகாரத்தை யார் கேட்டா, இன்ஜின் எத்தனை மணி?"ன்னார். நானூத்தி எழுபத்தஞ்சுன்னேன். கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்சார். ரெண்டாவது தடவை ஃபெயிலான அன்னிக்கு மூச்சு வாங்கிச் சாஞ்சவர், அதுக்கப்புறம் சிரிச்சு நான் பார்க்கல. இந்த ஐநூறு முடியற வரைக்கும் அவர் மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடாதீங்கன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்.

— என்கிட்டயும் சொன்னாரு.

— உன்கிட்டயுமா?

— ஆமா. உங்ககிட்ட சொல்ல வேணாம், நீங்க பயந்துடுவீங்கன்னாரு.

— ஷ்ஷ். கேட்டுச்சா?

— என்ன?

— ஒரு அடி தவறுச்சு.

— இல்லையே. சும்மா பயமுறுத்தாதீங்க.

— பல்பைப் பாரு, மினுக்குது. நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு சுத்து இருந்தது, ஆயிரத்து நானூறுக்கு வந்துடுச்சு.

— புகை வேற கறுப்பா வருது.

— ஃபில்டர் அடைக்குது.

— நீங்க அந்தப் பக்கம் போய் ரெண்டு பல்பை அணைங்க அண்ணி, லோடு குறையட்டும். நான் இங்க பார்க்கறேன்.

— நீ போய் அணை. நான் இங்க பார்க்கறேன்.

— சீக்கிரம் போங்க அண்ணி!

— நீ போன்னு சொன்னேன்ல! ஏய், கையை எடு.

— நீங்க எடுங்க. உங்க கை எதுக்கு வால்வு மேல வந்துச்சு?

— உன் கை எதுக்கு வந்துச்சு? மொதல்ல நீ சொல்லு.

— டீசல் பக்கம் திருப்ப வந்துச்சு. போதுமா? சொல்லிட்டேன். திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க.

— எத்தனை நாளா?

— மொத நாளே அண்ணி. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் டீசல், அப்புறம் எண்ணெய்ப் பக்கம் திருப்பணும், அதானே முறை? முறைப்படிதான் திருப்பினேன். நாலு மணி நேரம்கூட ஓடல, இப்படித்தான் இருமிச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. டீசலுக்குத் திருப்பினேன், சமர்த்தா ஓடிச்சு. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கும் அதேதான். அப்புறம் திருப்பறதையே விட்டுட்டேன். டேங்கிலேர்ந்து தினம் பன்னெண்டு லிட்டர் எண்ணெயை உருவி, ஸ்டோர் பீப்பாவிலேயே திருப்பி ஊத்திடுவேன். நீங்க வர்ற நேரத்துக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கும். ஆனா ஒண்ணு அண்ணி, சத்தியமா சொல்றேன், உங்களை நம்பித்தான் அதைப் பண்ணினேன்.

— என்னை நம்பியா?

— ஆமா. அண்ணி பொய் எழுத மாட்டாங்க, ராத்திரி பூரா நெஜமா எண்ணெய்லதான் ஓட்டுவாங்க. பாதி நெஜம் இருக்குல்ல? இரநூத்தம்பது மணி நேரம் உங்க கையில தாங்கிச்சுன்னா அது நல்ல எண்ணெய்தான், என் கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கறீங்க? அடிக்கணும்னா அடிங்களேன்.

— உன்னை அடிச்சா என்னை யார் அடிப்பா?

— என்ன சொல்றீங்க?

— மொத ராத்திரி, ஒம்பதரை மணி. இதே இருமல். இதே கறுப்புப் புகை. நான் திருப்பினேன். பகல்ல பையன் நெஜமா ஓட்டறானே, மெக்கானிக் கைக்கு அடங்குது, எனக்குத்தான் பக்குவம் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்.

— அண்ணி!

— காலையில நீ வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு லிட்டரை உருவிப் பீப்பாவில ஊத்துவேன்.

— நீங்களுமா! டீசலுக்கு எங்க போனீங்க?

— கட்டடத்து ஜெனரேட்டருக்குன்னு ஒரு டிரம் வச்சிருக்காங்களே, அதுலதான்.

— அந்த டிரம் குறையுதுன்னு போன வாரம் என்னைத்தானே அந்தக் கிழி கிழிச்சீங்க! நான் தினம் பங்க்ல வரிசையில நின்னு வாங்கிட்டு வர்றேன், திருட்டுப் பட்டம் எனக்கா?

— உன்மேல சொன்னா என்மேல சந்தேகம் வராதுன்னு சொன்னேன். தப்புதான். மன்னிச்சுக்கோ.

— அப்ப ஐநூறு மணி நேரமும்...

— டீசல்.

— கொஞ்சம்கூட...

— இதோ இப்ப ஓடுதே, இதான். பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் திருப்பிவிட்டதுதான் அவர் எண்ணெயோட நெஜமான ஓட்டம். நீயும் நானும் ஒரே ரூம்ல மாட்டிக்கிட்டதால ஒருத்தருக்கொருத்தர் பயந்து வால்வைத் தொடல. பாரு, நாலு மணி நேரத்துக்குள்ள எப்படி இழுக்குதுன்னு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாம ஆளுக்குப் பாதியா மறைச்சிருக்கோம். இப்ப என்ன செய்யறது?

— யோசிக்க விடு.

— யோசிக்க நேரமில்ல, நின்னுடும். திருப்பிடலாம் அண்ணி. இன்னும் ரெண்டு மணி நேரம்தான். இவ்ளோ தூரம் வந்தாச்சு. ஆறு மணிக்கு அந்த ஆள் வருவான், கையெழுத்துப் போடுவான், அண்ணன்கிட்ட ஓடிப் போய் "ஐநூறு!"ன்னு சொல்லுவோம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனையும்?

— ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்ல வால்வு இருக்கா?

— என்ன?

— அது இருமும்போது திருப்பறதுக்கு அங்க வால்வு இருக்கா? யார் நிக்கறா அங்க? நீயா, நானா?

— பெரிய ஆஸ்பத்திரி அண்ணி. கொஞ்சமாவது டீசல் வச்சிருப்பான்.

— வச்சிருந்தா நம்மகிட்ட எதுக்குக் கேக்கறான்? எப்ப ஊத்தினாங்களோ தெரியல. ஊத்தி நாலு மணி நேரம் தாங்காது. அது நின்னா அந்த மெஷினும் நிக்கும். அவர் மூக்குல வெறும் குழாய்தான் இருக்கும்.

— நான் அதை... அந்த மாதிரி நெனச்சுப் பார்க்கல அண்ணி.

— நெனச்சுப் பாரு.

— வாட்ச்மேன்! வாட்ச்மேன்!

— இங்கதான் சார் இருக்கேன்.

— ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அந்த எண்ணெயை ஊத்த வேணாம்னு சொல்லணும். ஒடனே!

— ஏன் சார்?

— அது வந்து... பீப்பா மாறிப் போச்சு.

— அய்யய்யோ! ஸ்டோர்காரர்தானே எடுத்துக் குடுத்தாரு. மூணு பொண்ணு வச்சிருக்காரு சார், அந்த மனுஷன் வேலைக்கு உலை வச்சுடாதீங்க.

— இல்ல இல்ல, அவர் மேல தப்பில்ல.

— அப்ப யார் மேல சார்?

— அதை அப்புறம் பேசலாம். மொதல்ல நீங்க ஓடுங்க!

— சொல்றேன் கேளுங்க சார். அங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது, ஒண்ணும் ஆகாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இந்தக் கதவை விட்டு நகர்ந்தா என் சீட்டைக் கிழிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு அந்த ஆளு. ஆறு மணிக்கு வருவாரு, எதுவா இருந்தாலும் அவர்கிட்ட சொல்லிக்குங்க.

— ஆறு மணி வரைக்கும் தாங்காதுய்யா!

— எது சார் தாங்காது?

— ஒண்ணுமில்ல. அண்ணி, உங்களுக்காவது வாய் வருதா? எனக்கு வரமாட்டேங்குது. உண்மையைச் சொன்னா இவன் வாயால அரை மணியில ஊருக்கே தெரிஞ்சுடும், அண்ணன் காதுக்கும் போயிடும். சொல்லலேன்னா...

— ஆப்பசைச்ச குரங்காட்டம் ஆயிட்டோம். எந்தப் பக்கம் இழுத்தாலும் வலி நமக்குத்தான்.

— எனக்குப் பயமா இருக்கு அண்ணி.

— எனக்கு மட்டும் இல்லையா? பதினேழு வருஷம் அவரோட வாழ்ந்துட்டேன். அவர் கனவுல பேசறதுகூட இந்த எண்ணெய் பத்திதான். ஒரு நாள் கோவத்துல, "என்னையும் அந்தச் சட்டியில போட்டுக் காய்ச்சிடுங்க"ன்னு கத்தியிருக்கேன். அப்படிப்பட்டவர்கிட்ட போய், நானே ஏமாத்தினேன், உங்க எண்ணெய் நாலு மணி நேரம் ஓடாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? அவர் என் மூஞ்சியைப் பார்த்தா நான் எங்க வச்சுக்குவேன் அதை?

— அப்ப திருப்பட்டுமா? கடைசியாக் கேக்கறேன். எண்ணூறுக்கு எறங்கிடுச்சு.

— வேணாம்.

— அண்ணி, திருப்பினா ஓடும்.

— தெரியும். கையை எடு. நிக்கட்டும்.

— நின்னுடுச்சு.

— ஆமா.

— பல்பும் போச்சு. ஜன்னலும் இல்லாத ரூம், ஒண்ணுமே தெரியல.

— என் பக்கத்துலயே நில்லு. நானூத்தித் தொண்ணூத்தேழு மணி, அம்பத்திரண்டு நிமிஷம். மீட்டர் நின்ன எடம் அதான், ஞாபகம் வச்சுக்கோ.

— மேடம்! சத்தம் நின்னுடுச்சே? மேடம்?

— கதவோட கீல் உள்பக்கம்தானே இருக்கு?

— உள்பக்கம்தான். ஆணியைத் தட்டி எடுத்துட்டா கதவு கையோட வந்துடும். ஆனா சீல் அறுந்துடும் அண்ணி. மூணாவது தடவையும் ஃபெயில்னு எழுதிடுவான். நாலாவது தடவை கெடையாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. ஆயுசுக்கும் இந்த எண்ணெய் வெளியே வராது.

— உங்க அண்ணன் உசுரோட வீட்டுக்கு வரட்டும். அது போதும் எனக்கு. சுத்தியை எடு.

— இருங்க, தடவித்தான் எடுக்கணும். ம், இதோ.

— சார்! என்ன சார் தட்டறீங்க? சார், நூல் அறுந்துடும் சார்! அரக்கு உடையுது சார்!

— உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது! நகருங்க வாட்ச்மேன், கதவு உங்க மேல சாயப் போகுது!

— அடேங்கப்பா! போச்சு. எல்லாம் போச்சு. என் வேலை போச்சு.

— உங்க வேலை போகாது. நானே உடைச்சேன்னு எழுதித் தர்றேன். சைக்கிள் சாவியைக் குடுங்க.

— எதுக்கு மேடம்? யாருக்கு என்ன ஆச்சு? ஏன் அழறீங்க?

— அந்த எண்ணெய் ஓடாதுங்க. ஓடவே இல்ல. இருபத்தோரு நாளும் நாங்க ரெண்டு பேரும் டீசலை ஊத்தி ஓட்டிட்டு எண்ணெய்ல ஓடுச்சுன்னு எழுதினோம். அவர் சந்தோஷமா இருக்கட்டும்னு எழுதினோம். இப்ப அவர் மூச்சே அந்த எண்ணெய்லதான் ஓடிட்டிருக்கு. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க, டைரக்டர்கிட்ட சொல்லுங்க, யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. மொதல்ல சாவியைக் குடுங்க!

— இதுக்காகவா கதவைக் கழட்டினீங்க?

— யோவ், அண்ணன் செத்துடுவான்யா! சாவியைக் குடுய்யா!

— சார், கையை விடுங்க சார். சட்டை கிழியுது. மேடம், நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. யாரும் எங்கயும் ஓட வேணாம். அந்த ரெண்டு பீப்பாவும் மூடிகூடத் தெறக்காம ஜெனரேட்டர் ஷெட்டுல மூலையில நிக்குது.

— என்ன சொல்றீங்க?

— சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு மேடம். அதான் அப்பவே சொல்லாம முழுங்கினேன். காலையில நான் பீப்பாவை உருட்டறதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டாரு போல. நர்ஸை அனுப்பி மேலே கூப்பிட்டாரு. மூக்குக் குழாயைக் கழட்டிட்டு எழுந்து உக்காந்துட்டாரு. பெரிய டாக்டரும் பக்கத்துல நின்னாரு. நான் பங்க்குக்குப் போய் டீசல் வாங்கி ஊத்தற வரைக்கும் அவர் படுக்கவும் இல்ல, டாக்டரை நகரவும் விடல.

— யாரு? யாரு ஊத்தச் சொன்னா?

— ஐயாதான் மேடம். உங்க வீட்டுக்காரர். "இந்தக் கட்டில்ல நான் படுத்திருக்கற வரைக்கும் என் எண்ணெய்ல ஒரு சொட்டு அந்த மெஷின்ல ஏறக் கூடாது, அது என்னைக்கும் ஓடாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா அங்க ரெண்டு பேர் அதை நம்பி ராப்பகலா உசுரைக் குடுத்து ஓட்டிட்டிருக்காங்க, அவங்க மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க"ன்னாரு.